கடைசிப் பக்கத்தில் குரல் மாறும் இரண்டு நாவல்கள்

150 பேருக்குச் சமைத்த சாப்பாடு தயாராக இருக்கிறது. முன்வரிசையிலிருந்து திரும்பியவர்களோ 80 பேர். அந்த எண்ணிக்கைக்குத்தான் பரிமாறுவேன் என்று சமையல்காரர் அடம்பிடிக்க, மிச்சப் பங்கும் தங்களுக்கே வேண்டுமென்று சிப்பாய்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். எரிக் மரியா ரெமார்க்கின் 'மேற்கில் புதிதாக எதுவுமில்லை' இப்படித் தொடங்குகிறது. திரும்பாத 70 பேருக்காக அங்கே யாரும் அழுவதில்லை. அவர்களுடைய பங்கையும் சேர்த்து நண்பர்கள் வயிறாரச் சாப்பிடுகிறார்கள்; வாசகருக்குத்தான் தொண்டையை அடைக்கிறது.

வியட்நாமின் பாவோ நின் எழுதிய 'போரின் துயரம்' சண்டை ஓய்ந்த பிறகு ஆரம்பிக்கிறது. 1975இல் போர் முடிந்து வரும் முதல் வறண்ட பருவம். காட்டில் கிடக்கும் எலும்புகளைத் திரட்டும் குழுவோடு நாயகன் கியென் வந்திருக்கிறான். பிணங்களை ஏற்றும் லாரியிலேயே தூளி கட்டிப் படுக்கிறான். அவனுடைய படைப்பிரிவு அழிந்ததும் அதே காட்டில்தான். அதில் மிஞ்சியவர்கள் பத்தே பேர்.

இரண்டு எழுத்தாளர்களும் போரிலிருந்து வந்தவர்கள். ரெமார்க் 1917இல் குண்டுச் சிதறல்களால் காயப்பட்டவர். அவருடைய நாவல் 1928இல் பெர்லின் நாளிதழில் தொடராக வந்து, 1929இல் நூலாகி, 1933இல் நாஜிகளால் எரிக்கப்பட்டது. பாவோ நின் 1969இல், 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். அவருடைய நாவல் 1990இல் வேறு தலைப்பில்தான் முதலில் வெளியானது.

ரெமார்க்கின் கதைசொல்லி பால் பாய்மர் நிகழ்காலத்தில் பேசுகிறான். 'நான்' என்பதைவிட 'நாங்கள்' என்றே அவன் வாய் பழகியிருக்கிறது. ஒரே வகுப்பிலிருந்து போருக்குப் போன பையன்கள். கால் துண்டிக்கப்பட்ட கெம்மரிக் சாகக் கிடக்கும்போது, அவனுடைய நல்ல தோல் பூட்ஸின் மேல் முல்லருக்குக் கண். அதில் கொடுமை ஏதுமில்லை. உயிரோடு இருப்பவனுக்கு நல்ல காலணி வேண்டும். கெம்மரிக் போனபின் முல்லர், முல்லர் போனபின் பால் என்று அந்த ஜோடி கால் மாறுகிறது. ஆளுக்கொரு மரணக் காட்சி எழுதாமலே ஒரு தலைமுறை கரைவதை ரெமார்க் காட்டிவிடுகிறார்.

கியெனுக்கு 'நாங்கள்' இல்லை. அவனுக்கு வாய்த்தது பிறர் சாவில் மிஞ்சிய உயிர். காயம்பட்ட தோழர்களைக் காப்பாற்ற, ஹோவா என்ற பெண் அமெரிக்கச் சிப்பாய்களைத் தன் பக்கம் ஈர்த்துச் சீரழிகிறாள். கியென் மறைந்திருந்து பார்க்கிறான். இப்படிப்பட்ட நினைவை வரிசையாகச் சொல்ல முடியுமா? நாவலில் அத்தியாய எண்கள் கிடையாது. காதலி புவோங்கோடு அவன் போன ரயில் பயணம் துண்டு துண்டாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அவளுக்கு அங்கே நேர்ந்த வன்முறை ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் வெளிப்படுகிறது. முதல் வாசிப்பில் இது குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் ஆறாத புண்ணைத் தொட்டுத் தொட்டுக் கை எடுப்பவனுக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

பெண்களைப் படைத்ததில் பாவோ நின்னே வலுவானவர். ரெமார்க்கின் பெண்கள் வந்த வேகத்தில் மறைகிறார்கள். எதிரியின் முகம் என்று வந்தால் ரெமார்க்குக்கு இணையில்லை. குண்டுக் குழிக்குள் தவறி விழுந்த பிரெஞ்சுக்காரனைப் பால் குத்திவிடுகிறான். அவன் சாக மணிக்கணக்காகிறது. பிறகு அவன் சட்டைப் பையைத் திறந்தால் மனைவி, மகள் படங்கள். பெயர் டுவால், தொழில் அச்சுக்கோப்பவர். குத்தும்போது பெயரில்லாமல் இருந்தவனுக்குச் செத்த பிறகு ஒரு குடும்பமே வந்துவிடுகிறது.

இருவரும் சந்திக்கும் இடம் முடிவுதான். கடைசிப் பத்திகளில் பாலின் 'நான்' நின்றுபோகிறது. 1918 அக்டோபரில், அமைதியான ஒரு நாளில் அவன் விழுந்தான் என்று வேறொரு குரல் சுருக்கமாகத் தெரிவிக்கிறது. அன்றைய ராணுவ அறிக்கையின் வாசகமே நாவலின் தலைப்பு. பாவோ நின்னிடம் இது தலைகீழ். படர்க்கையில் ஓடிய கதைக்குள் முடிவில் ஒரு 'நான்' நுழைகிறார். கியென் ஊரைவிட்டுப் போய்விட்டான். அவன் எழுதிய தாள்களை மாடியில் வசிக்கும் வாய் பேசாத பெண் காத்து வைத்திருக்கிறாள். அவை இவர் கைக்கு வருகின்றன. படிக்கப் படிக்க, தானும் அதே போரில் நடந்தவன் என்பது இவருக்கு உறைக்கிறது. தாள்களில் பக்க எண் இல்லை. ஒழுங்குபடுத்த முயன்று, கைவிட்டு, கிடைத்த வரிசையிலேயே அவற்றைப் படியெடுக்கிறார்.