ஆவணமும் அடிமையும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலுக்குச் செல்வோருக்கு ஒரு மண்டபத்தைக் காட்டி, இறைவன் வழக்காடி வென்ற இடம் இதுவே என்பர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்துள், சுந்தரரின் வரலாறு கூறும் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வருவது அவ்வழக்கு. பிறர் சமயத்து நூல் என்று நாம் ஒதுங்கிவிடாமல் இலக்கியமாக அதைப் படித்துப் பார்ப்பது நன்று.

புத்தூரில் மணப்பந்தல். முதிய மறையவர் ஒருவர் புகுந்து, மணமகன் தம் அடிமை என்கிறார். அந்தணர் வேறோர் அந்தணருக்கு அடிமையாவது எங்கும் உண்டோ, நீர் பித்தரோ எனச் சினந்து, சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலையோ முதியவரிடம் பத்திரமாக இருக்கிறது. வெண்ணெய்நல்லூர் அவையார் வழக்காறு, எழுத்து, சாட்சி எனச் சான்று கேட்கின்றனர்; பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்புநோக்குகின்றனர்; சுந்தரர் தோற்றார் என்று தீர்க்கின்றனர். சோழனின் அமைச்சராயிருந்தவர் என மரபு கூறும் சேக்கிழார், ஆவணக் களரியை நன்கறிந்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. பக்தி நூலில் இத்துணை உலகியல் நுட்பம் அரிது.

நம்மை உறுத்துவது வேறொன்று. சுந்தரரின் மறுப்பு அடிமை முறைக்கு எதிரானதன்று. தம் குலத்தார்க்கு அது பொருந்தாது என்பதே. பாட்டன் எழுதிய எழுத்து பேரனைக் கட்டும் என்பதை அவையில் எவரும் ஐயுறவில்லை. உரைகாரர் பலர், இது ஆன்மா இறைவனுக்கு என்றும் அடிமை என்பதன் குறிப்பு எனக் கூறி அப்பால் செல்வர். அப்பொருள் சரியே, ஆயினும் உவமை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டாமா? இதே மாவட்டத்துத் திண்டிவனத்தை மையமாகக் கொண்டு இருளர் உரிமைக்காகச் சங்கம் உழைத்து வருகிறது. வட தமிழகத்தின் அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணத்தால் கட்டுண்ட இருளர் குடும்பங்கள் அண்மைக் காலம்வரை மீட்கப்பட்டுள்ளன. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்னோரின் கடப்பாடு வழிவழியாக வந்து சேர்வதையும் கொத்தடிமை என்றே வரையறுக்கிறது. வெண்ணெய்நல்லூர் மூல ஓலை இன்றைய நீதிமன்றத்தில் செல்லாது.

நம் மறைநூலும் இதற்கு விலக்கன்று. பவுலடியார் தம்மைக் கிறிஸ்துவின் அடிமை என்றே கிரேக்கத்தில் எழுதுகிறார்; நாம் அச்சொல்லைப் பெரும்பாலும் 'ஊழியன்' என மென்மையாக்கிப் படிக்கிறோம். ஆனால் பிலமோனுக்கு எழுதும்போது, ஒனேசிமு என்னும் உண்மையான அடிமையைச் சகோதரனாக ஏற்கும்படி வேண்டுகிறார். உவமைக்கு அப்பால், உயிருள்ள ஓர் அடிமை அங்கே நிற்கிறான். சேக்கிழாரிடம் அப்படி ஒருவன் இல்லை. எனினும் அவருடைய ஆண்டானும் வழக்கமான ஆண்டான் அல்லன். வழக்கில் வென்றவன் கேட்பது உழைப்பன்று, பாட்டு; அதுவும் தன்னை ஏசிய 'பித்தன்' என்ற சொல்லையே முதலாக வைத்து. காப்பியத்தின் மிக அழகிய திருப்பம் இதுவே என்போம்.

ஒரு குறையையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. மணக்கோலத்தில் விடப்பட்ட சடங்கவியார் மகள், சுந்தரரையே நினைந்து சிவலோகம் சேர்ந்தாள் என்று சுருக்கமாகக் கூறிக் கதை நகர்ந்துவிடுகிறது. அவ்வூர் இன்றும் மணம்தவிழ்ந்தபுத்தூர் என வழங்குகிறது. அந்தப் பெண்ணின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை.