தீராத வலியின் பாடல்: அப்பரின் திருவதிகைப் பதிகம்

திறவுச்சொற்கள்: அப்பர், திருவதிகை, சூலை, பெரியபுராணம், ஆறுதல்

புதுச்சேரியிலிருந்து தவளக்குப்பம் வழியாகத் தெற்கே செல்லும் சாலை கடலூரை அடைகிறது. அங்குள்ள திருப்பாதிரிப்புலியூரும், மேற்கே பண்ணுருட்டியை அடுத்துக் கெடிலக் கரையில் அமைந்த திருவதிகையும் அப்பர் வரலாற்றின் இரு முனைகள். முன்னது அவர் தருமசேனர் என்னும் பெயரில் சமணத் துறவியாக வாழ்ந்த பாடலிபுத்திரமாகக் கருதப்படுகிறது. பின்னது சூலை நோயோடு தமக்கை திலகவதியாரிடம் அவர் வந்து சேர்ந்த இடம். கடலூரை ஒட்டிய கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டவர் கரை சேர்ந்த கதையை இன்றும் தாங்கி நிற்கிறது. துன்பத்தில் இறையருளே ஆறுதல் என்பதற்குச் சைவ உலகம் தவறாது காட்டும் சான்று அப்பர். அச்சான்று அவருடைய பதிகத்திலிருந்து பெறப்படுகிறதா, பின்வந்த புராணத்திலிருந்து பெறப்படுகிறதா என்பது ஆராயத்தக்கது.

நான்காம் திருமுறையின் முதற்பதிகம், கொல்லிப் பண்ணில் அமைந்தது. அதன் பத்துப் பாடல்களில் ஒன்றிலேனும் நோய் தீர்ந்ததாகக் குறிப்பில்லை. முதற்பாடலில் குடலைச் சுருட்டிய வலி பத்தாம் பாடலிலும் ஓயவில்லை. உடல் வியர்த்துப் புரள்கிறது, விழுந்து எழுகிறது, விலக்குக என்ற வேண்டுதல் தொடர்கிறது. சம்பந்தர் பதிகங்களின் இறுதியில் ஓதுவோர் பெறும் பயனைக் கூறும் திருக்கடைக்காப்பு வருவதுண்டு. இங்கு அதுவும் இல்லை.

மாறாக, பதிகம் முழுவதும் முறையீடாகவும் ஓரளவு வழக்காடலாகவும் அமைகிறது. 'அஞ்சாதே' என்ற ஒரு சொல்லைக்கூட இறைவன் சொல்லவில்லை என்று இரண்டாம் பாடல் குறைப்படுகிறது. அடைந்தவர் வினையைத் தீர்ப்பது மேலோர் கடன் அல்லவா என்று நான்காம் பாடல் வினவுகிறது. நிலைகொள்ளத் துறை அறியாதவனை ஆழ்நீரில் தள்ளிவிட்டுக் கரையில் நிற்போரை ஐந்தாம் பாடல் காட்டுகிறது. (பிற்காலக் கடல் நிகழ்ச்சியை அறிந்த வாசகர் இவ்வுவமையில் அதனை முன்கூட்டியே காண முற்படுவர், பாடலில் கரையேற்றம் இல்லை.) ஒன்பதாம் பாடல் எல்லை வரை செல்கிறது: அடியார் படுவது இதுவே எனில் தம்மைப் போன்றவர் இனி இறைவனை நம்பமாட்டார்கள் என்கிறது. விளிக்கும் முறையும் ஒரே நிலையில் இல்லை. பெரும்பாலும் 'நீர்' என்னும் உயர்வுப் பன்மையில் பேசும் குரல், ஆறாம் பாடலிலும் பத்தாம் பாடலிலும் 'நீ' என நெருங்கிவிடுகிறது. வலி மிகும்போது மரியாதை குலைவது இயல்பு என்று இதனைத் தள்ளிவிடலாம். எனினும் ஆறாம் பாடலின் பொருள் இறைவனை ஒருபோதும் மறந்ததில்லை என்பது. ஒருமை அங்கு வருவது உரிமையின் வெளிப்பாடு எனக் கொள்வதே பொருத்தம்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதே நிகழ்வை நலம் பெற்ற பின்னிருந்து நோக்குகிறார். திலகவதியாரின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவன் சூலை தந்தே தம்பியை ஆட்கொள்கிறான். பதிகம் பாடியதும் நோய் அகல்கிறது. இவ்வாழ்வைத் தந்த சூலைக்கு என்ன கைம்மாறு செய்வது என நாவுக்கரசர் உருகுகிறார். காப்பியக் கட்டமைப்பிற்கு இது இன்றியமையாதது, அழகும் உடையது. ஆயினும் நோயே அருள் என்னும் இக்கூற்று, நலமடைந்தவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது பொருந்துவதுபோல, வலியில் கிடப்பவரிடம் பிறர் சொல்லும்போது பொருந்துவதில்லை. அப்பரும் அதனைப் பதிகத்தில் சொல்லவில்லை. அங்கு ஆறுதல் என ஒன்று உண்டெனில் அது நோயின் விளக்கத்தில் இல்லை. சினந்தும் கெஞ்சியும் பேசுவதற்கு ஒருவன் எதிரே இருக்கிறான் என்பதில் உள்ளது. ஒவ்வொரு பாடலும் ஒரே விளியில், கெடிலக் கரை வீரட்டானத்து அம்மானிடமே, முடிவது அதனால்தான்.

வயிற்று நோய் தீர இப்பதிகத்தை ஓதும் வழக்கம் சைவரிடையே உண்டு. ஓதுவோர் நம்பி வருவது சேக்கிழார் சொன்ன முடிவை. அவர்கள் வாய் ஓதுவதோ அந்த முடிவு இன்னும் வராத பத்துப் பாடல்களை.