முன்னோடியும் முந்தி ஓடுபவரும்

தேர்தற்காலம் வந்துவிட்டால் நம் ஏடுகளில் சில சொற்கள் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தார் 'ஃப்ரண்ட் ரன்னர்' என்று எழுதுவதைச் சிலர் 'முன்னோடி' என்று பெயர்த்துவிடுகின்றனர். சொல்லுக்குச் சொல் பொருந்துவது போலத் தோன்றும். பொருளோ கைநழுவிப் போகிறது.

பிறர் செல்லாத வழியில் முதலில் சென்று, பின்வருவோர்க்குத் தடம் வகுத்தவரே முன்னோடி. 1885-இல் 'அஸன்பே சரித்திரம்' படைத்த சித்தி லெப்பை அவர்களைத் தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகிறோம். அவர் எவரையும் போட்டியில் வென்றார் என்பது அதன் பொருளன்று. முன்னோடிக்கு வழித்தோன்றல்கள் உண்டு; எதிராளிகள் வேண்டுவதில்லை.

'ஃப்ரண்ட் ரன்னர்' குதிரைப் பந்தயத் திடலுக்குரிய சொல். தொடக்கத்திலிருந்தே மற்றவற்றை முந்தி ஓடும் குதிரையை அது சுட்டும். அத்தகைய குதிரைகளுள் சில, இன்னொன்று தம்மை முந்தியதும் ஊக்கமிழந்து பின்தங்கிவிடும் என்பர். எனவே அச்சொல்லில் பாராட்டோடு ஓர் எச்சரிக்கையும் கலந்துள்ளது: எல்லைக்கோடு இன்னும் வரவில்லை.

இவ்விடத்தில் அரபு மொழியின் நுட்பத்தை எண்ணிப் பார்ப்போம். பந்தயத்தில் முதலாவதாக வரும் குதிரை 'முஜல்லி'. அதன் பின்புறத்தைத் தன் தலையால் தொடுமளவு நெருங்கி இரண்டாவதாக வருவது 'முஸல்லி'. தொழுபவரைக் குறிக்க நாம் நன்கறிந்த சொல்லும் இதே வடிவினதன்றோ! இறுதியில் வருவதற்கும் 'ஸுகைத்' என்று பெயருண்டு. இவை யாவும் வந்துசேர்ந்த வரிசையைக் கொண்டு இட்ட பெயர்கள். ஓட்டத்தின் நடுவே சூட்டிய பட்டங்கள் அல்ல.

நடுவழியில் பட்டம் சூட்டினால் என்னவாகும்? 1948-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமஸ் டூயி முந்தி நிற்கிறார் என்றே பலரும் கருதினர். 'சிக்காகோ ட்ரிப்யூன்' நாளேடு அவர் வென்றதாகவே தலைப்பிட்டு அச்சிட்டது. வென்றவரோ ஹாரி ட்ரூமன்!

ஆகவே, 'முந்தி நிற்பவர்' என்றோ 'முன்னணியில் இருப்பவர்' என்றோ எழுதுவதே நேர்மை. அவை இப்போதைய இடத்தை மட்டும் சொல்லும், முடிவைச் சொல்லா. மக்கள் வாக்களிக்குமுன் ஒருவரை 'முன்னோடி' என்பது, அவர் ஈட்டாத பெருமையை அவருக்கு அளிப்பதாகும். உடன் ஓடுவோரைத் தோற்றவராக்குவதுமாகும். எழுதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.