கைவசக் கருவிகளால் அதிர்ச்சி தாங்கி: ஏலகிரிப் பாறையில் எது நம்பத்தக்கது?

பாறை ஏறுபவர் தவறி விழுந்தால், விரிசலில் பிடிமானமாகச் செருகிய நட்டோ கேமோ எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும் என்பதை விழும் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை; எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. 80 கிலோ எடையுள்ளவர் 1 மீட்டர் விழுந்து 10 சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை சுமார் 8.6 கிலோநியூட்டன். அரை மீட்டர் இழுவையில் நின்றால் 2.4க்கும் குறைவு. கயிறு காராபினரில் மடங்கித் திரும்புவதால், ஏறுபவர் மேல் விழும் விசையைவிட மேல் பிடிமானத்தில் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான சுமை ஏறும். மிகச் சிறிய நட்டுகளின் தாங்குதிறனோ 2 கிலோநியூட்டன் அளவில்தான் இருக்கிறது. ஏலகிரியின் சையெனைட் (syenite) பாறையில், மெல்லிய விரிசலில் அப்படியொரு நட்டைச் செருகினால் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாது.

கடையில் கிடைக்கும் கிழியும் ஸ்லிங் இந்தச் சுமையைக் குறைக்கவென்றே செய்தது. மடித்த பட்டையில் குறுக்குத் தையல்கள் வரிசையாக இருக்கும். சுமார் 2 கிலோநியூட்டனில் அவை ஒவ்வொன்றாக அறுந்து பட்டை நீளும். தையல் தீர்ந்தபின் எஞ்சும் பட்டை முழு வலுவுடன் தாங்கும்.

அது கையில் இல்லாதபோது பலர் முதலில் செய்வது டைனீமா ஸ்லிங்கின் நடுவே ஒரு முடிச்சுப் போடுவதுதான். இது மோசமான வழி. முடிச்சு இறுகும்போது வீழ்ச்சியின் ஆற்றல் கொஞ்சம் செலவாகும், ஆனால் ஸ்லிங்கின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். டைனீமா சுமார் 145 டிகிரி செல்சியசில் உருகும் என்பதால் உராய்வுச் சூட்டையும் தாங்காது. கயிற்றின் மேல் பிரூசிக் முடிச்சு வழுக்கிச் செல்லும் ஏற்பாடும் இதே ரகம்: எந்த விசையில் வழுக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உருப்படியான வழி, இழுபட்டால் நீளும் டைனமிக் கயிறுதான். பிடிமானத்தோடு தன்னை இணைத்துக்கொள்ள ஸ்லிங்குக்குப் பதில் அந்தக் கயிற்றின் துண்டு ஒன்றை எட்டு வடிவ முடிச்சிட்டுப் பயன்படுத்தினால் கயிறும் நீளும், முடிச்சும் இறுகும். ஏறும்போது, கீழே கயிற்றைப் பிடித்து பிலே செய்பவர் வீழ்ச்சியின் வேகத்தோடு ஒரு எட்டு முன்னே வந்தாலே மேல் நட்டின் சுமை குறையும். இதற்குத் தனிக் கருவி வேண்டாம், பழக்கம் மட்டும் போதும். தரைக்கு அருகில் மட்டும் இது கூடாது.

ஏலகிரிக்கு அருகே, தோல் தொழில் நடக்கும் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் மெஷினுக்குக் குறைவில்லை. அதிலேயே பட்டையை மடித்துத் தைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. தவிர்க்க வேண்டிய எண்ணம் அது. கூரை வேலைக்கான அதிர்ச்சி தாங்கிகளுக்கு ஐரோப்பிய இஎன் 355 தரம் இரண்டு நிபந்தனை வைக்கிறது: 100 கிலோ எடை விழுந்தாலும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது; தையல் முழுதும் கிழிந்த பிறகும் பட்டை 15 கிலோநியூட்டனைத் தாங்க வேண்டும். நூல் அறுவதும் பட்டை அறாததும் சோதனைக்கூடத்தில்தான் உறுதியாகும்.

கிழியும் ஸ்லிங்கில் தையல் ஒரு வரி அறுந்திருந்தாலும் அதைக் கழித்துவிட வேண்டும். இந்த வட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தோல் பதனிடுகையில் பயன்படும் கந்தக அமிலம் நைலானை அரிக்கும்; சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்ந்த காரக் கரைசல் பாலியெஸ்டரைக் கெடுக்கும். சேதம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ரசாயன கேன் ஏற்றிய வண்டியிலோ அவற்றை வைக்கும் ஷெட்டிலோ கயிற்றுப் பையை வைக்கக் கூடாது.