சந்திரபாபு: எதிரே ஆளில்லாத நடிகன்

சந்திரபாபுவைப் பற்றி எம்மவர் பேசத் தொடங்கினால் இரண்டு விடயங்கள்தான் வரும். ஒன்று பாட்டு, மற்றது அவருடைய சோகக் கதை. 1974இல் அவர் இறந்ததைச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டதும் பேச்சு முடிந்துவிடும். அவர் எப்படி நடித்தார் என்பதற்கு யாரும் வருவதில்லை.

1927இல் தூத்துக்குடியில் பிறந்த ஜோசப் பிச்சை வளர்ந்தது கொழும்பில். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய தந்தையைப் பிரிட்டிஷ் அரசு இலங்கைக்கு நாடுகடத்தியது. (நாங்கள் கடலைக் கடந்தது எதிர்த்திசையில், அது வேறு கதை.) 1943இல் சென்னை திரும்பியவர் 1947இல் 'தன அமராவதி' மூலம் திரைக்கு வந்தார். காற்சட்டையும் யோட்லிங்கும் கொண்டுவந்தவர் என்பதால் அவரை ஹொலிவூட்டின் பிரதி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹொலிவூட்டோடு ஒப்பிடுவதானால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

விம்பிள்டனுக்கு அதிக தூரமில்லாத கெனிங்ரனில் வளர்ந்த சப்ளின், 1916-17இல் எடுத்த பன்னிரண்டு மியூச்சுவல் படங்களில் பதினொன்றில் எரிக் கம்பெல் என்ற பருத்த மனிதரைத் தன் எதிரே நிறுத்தினார். கம்பெல் துணை நடிகர்தான். ஆனால் அவர் முறைத்தால்தான் சப்ளின் ஓட முடியும். ஒருவரின் சிரிப்பு மற்றவரின் உடம்பில் தங்கியிருந்தது. என்.எஸ். கிருஷ்ணனுக்கு மதுரம் இருந்தார். சந்திரபாபுவுக்கு அநேகமான படங்களில் அப்படி யாருமில்லை. கதாநாயகனின் கதை ஒரு பக்கம் ஓட, இவர் தனியே வந்து, ஆடிப் பாடி, விழுந்தெழும்பிப் போவார்.

'சபாஷ் மீனா' (1958) விதிவிலக்கு. பந்துலு அவருக்கு எதிரே சிவாஜியை நிறுத்தினார். அது போதாதென்று இரட்டை வேடமும் கொடுத்தார். நண்பனின் பெயரில் பணக்கார வீட்டில் போய் நிற்கும் சேகர் ஒருவன், மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்ஷாக்காரன் மற்றவன். அண்மையில் விம்பிள்டனில் இதை மறுபடி பார்த்தபோது, தமிழ் பாதிதான் விளங்கும் எங்கள் பிள்ளைகள் சரியான இடங்களில் சிரித்தார்கள். கழுத்தும் தோளும் நிற்கும் விதத்திலேயே எவன் எவன் என்று தெரிகிறது. வேட்டி கட்டிய தமிழ் வேடத்தில் அவர் ஒட்டமாட்டார் என்பவர்கள் அந்த ரிக்ஷாக்காரனைப் பார்க்கட்டும்.

சப்ளின் திரைக்கு வந்த 1914இலேயே தன் படங்களைத் தானே இயக்கத் தொடங்கிவிட்டார். சந்திரபாபுவுக்கு அது வாய்க்க 1966 ஆயிற்று, 'தட்டுங்கள் திறக்கப்படும்'. அதற்கு முன்னர் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்' (1960) அவரைக் கதாநாயகனாக்கித் தோற்றது. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. இந்தத் தோல்விகளுக்குக் குடியையும் வாய்த்துடுக்கையும் காரணம் சொல்வது சுலபம். நாயகனைச் சுற்றியே முதல் திரண்ட ஒரு தொழிலில், எரிக் கம்பெலாக நிற்கவும் இடமில்லை, சப்ளினாக எழும்பவும் இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

'சபாஷ் மீனா'வைப் பந்துலுவே 1962இல் ஹிந்தியில் 'தில் தேரா தீவானா' என்று எடுத்தார். சந்திரபாபு செய்த பாத்திரத்தை மெஹ்மூத் செய்தார். சிறந்த துணை நடிகருக்கான பிலிம்பெயார் விருது அவருக்குக் கிடைத்தது.