வாகனக் குதிரையும் மரவேலையின் அளவுகோலும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கார்த்திகைத் தீபப் பெருவிழாவில் 5ஆம் நாள் வெள்ளி இடபமும் 8ஆம் நாள் குதிரையும் இறைவனைச் சுமந்து மாட வீதிகளில் உலா வருகின்றன. வாகனங்கள் மரச்சிற்பக் கலையின் பகுதியாகவே பேசப்படுகின்றன. ஆயினும் அவற்றைக் கைவினைச் சந்தையின் அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது.

அரும்பாவூர் மரச்சிற்பம் 2020இலும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. இத்தகைய சிற்பங்களைப் போற்றுவோர் ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்டமை, முழுதும் கைவேலையாக அமைந்தமை, வழுவழுப்பு ஆகிய மூன்றையும் சிறப்புகளாகக் கூறுவர்.

முதலாவது, வாகனத்தில் குறையாகிவிடும். பாயும் குதிரையின் உடல் ஒரு திசையிலும் மடங்கிய முன்னங்கால்கள் வேறு திசையிலும் செல்கின்றன. ஒரே துண்டில் செதுக்கினால் ஏதேனும் ஒரு காலில் மரத்தின் இழையோட்டம் குறுக்காக விழும். அவ்விடத்தில் மரம் எளிதில் முறியும். ஒவ்வோர் உறுப்பிலும் இழை நீளவாக்கில் அமையுமாறு தனித்தனியே செதுக்கித் துளையும் கழுந்துமாக இணைப்பதே வலிமை தரும். இணைப்பு இங்குத் திறமையின் சான்று.

இரண்டாவதற்கு வேலையின் படிநிலையே விடை தரும். கழிவு மரத்தை வாய்ச்சி நீக்கினாலும் மின்ரம்பம் நீக்கினாலும் இறுதி வடிவம் அதனால் மாறுவதில்லை. கண்ணிமை, நாசித்துளை, பிடரிமயிர் ஆகியவற்றில் நிலை வேறு. உளி ஏந்திய கை, இழை திரும்பும் இடத்தில் தானும் திரும்புகிறது. சுழலும் உப்புத்தாள் வட்டோ முகட்டையும் விளிம்பையும் ஒருசேரத் தேய்க்கிறது. எனவே எந்தக் கருவி என்பதைவிட எந்தக் கட்டத்தில் அக்கருவி என்பதே ஆய்வுக்குரிய வினா.

மூன்றாவது, காண்போரின் நிலையை மறந்த அளவுகோல். வாகனம் தோளுயரத்துக்கு மேல், அசைவில், இரவு விளக்கொளியில், கீழிருந்து பார்க்கப்படுகிறது. மழுங்கிய பிடரி அங்கு வெறும் திரளாகத் தெரியும். ஆழமான உளிவெட்டு நிழலைப் பிடித்து வடிவத்தைக் காட்டும். வண்ணமோ வெள்ளித்தகடோ போர்த்தப்பட்ட பின் மரத்தின் வழுவழுப்பு கண்ணுக்கே வருவதில்லை. வெட்டின் கூர்மையே மேற்பரப்பில் எஞ்சுகிறது.

ஆகவே வாகனங்களை ஆவணப்படுத்துவோர் உயரம், மரவகை, காலம் ஆகியவற்றோடு இணைப்பு முறையையும் இழையின் திசையையும் உளித்தடத்தையும் பதிவு செய்தல் வேண்டும். பழுதுபார்ப்பின்போது தேய்த்து மெருகிடப்படும் ஒவ்வொரு வாகனத்திலும் முதலில் அழிவது உளித்தடமே. அதன்பின் அச்சிற்பியின் கையை அடையாளம் காண மரத்தில் சான்று எஞ்சாது.