மெனு திறக்காத வலைத்தளங்கள்

சிவகாசி, விஸ்வநத்தம் பக்கத்து நிறுவனங்களின் வலைத்தளங்களை அடிக்கடி மேய்கிறவன் நான். பல தளங்களில் ஒரே குறை: மெனு சில பிரவுசர்களில் வேலை செய்யாது. கம்ப்யூட்டரில், குரோமில், பளபளன்னு இருக்கும். அதையே போனில் திறந்து "தயாரிப்புகள்" என்பதைத் தொட்டால், கீழே விரிய வேண்டிய பட்டியல் விரியாது. கேட்டால், "போன்ல சரியா வராது சார், சிஸ்டத்துல பாருங்க" என்பார்கள்.

பழியை பிரவுசர் மேல் போட்டுவிடுவது சுலபம். என் கணிப்பில் இது அச்சுத்தொழில் பழக்கம் இணையத்துக்குள் வந்ததால் ஏற்பட்ட கோளாறு.

ஆஃப்செட்டில் நான்கு நிறமும் ரிஜிஸ்டர் பொருந்தணும். ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லிவிட்டால், அப்புறம் எத்தனை ஆயிரம் தாள் ஓடினாலும் அதே படம்தான். காலண்டரை எந்த ஊர்ச் சுவரில் மாட்டினாலும் முருகன் அப்படியேதான் இருப்பார். இணையத்தில் நாம் அனுப்புவது வெறும் சமையல் குறிப்பு. சமைப்பது வாசகரின் பிரவுசர். அந்த அடுப்பு நம்ம கையில் இல்லை.

தமிழ் மெனுக்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு. அதை வாசகரின் கணினிக்குத் தானாக அனுப்ப "டைனமிக் ஃபாண்ட்" வந்தது. அதிலும் மைக்ரோசாஃப்டின் இஓடி கோப்பு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும். நெட்ஸ்கேப் 4-க்கு பிஎஃப்ஆர் என்று வேறொன்று. இரண்டும் இல்லாதவருக்கு மெனு முழுக்க ஆங்கிலக் கிறுக்கல். அதனால்தான் பலர் மெனுச் சொற்களைக் கோரல்டிராவில் தட்டி, படமாக்கி ஒட்டினார்கள். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. பிறகு அதே மெனு ஃப்ளாஷ் ஆனது. ஐபோனில் ஃப்ளாஷ் ஓடவே இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதைக் கைவிட, அடுத்த மாதமே அந்த மெனுக்கள் இருந்த இடத்தில் வெற்றுக் கட்டம்தான் மிஞ்சியது.

அடுத்து வந்தது, மவுஸ் அம்பு மேலே போனதும் விரியும் மெனு. ஐஇ6-இல் இந்த "ஹோவர்" வசதி இணைப்புகளுக்கு மட்டும்தான் உண்டு. பட்டியல் உருப்படிக்குக் கிடையாது. 2003-இல் வந்த "சக்கர்ஃபிஷ்" முறை கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்து அதைச் சமாளித்தது. 2006-இல் ஐஇ7 வந்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீர்ந்த கையோடு தொடுதிரை வந்துவிட்டது. விரலுக்கு ஏது ஹோவர்? ஐபோனின் சஃபாரி முதல் தொடுதலை ஹோவராக நடித்துக் காட்டும். வேறு சில பிரவுசர்கள் தொட்டதுமே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். உள்பட்டியலைப் பார்க்கவே முடியாது. டேட்டா மிச்சம் பிடிக்கப் பலர் வைத்திருந்த ஓபரா மினி இன்னும் வேறு மாதிரி. பக்கத்தைத் தன் சர்வரிலேயே சமைத்து, சுருக்கி அனுப்பும். ஜாவாஸ்கிரிப்ட் அங்கே கொஞ்ச நேரம்தான் ஓடும். நழுவி வரும் மூன்று கோடு மெனு அதில் நழுவாது. 2017-இல் வந்த ஜியோபோனில் தொடுதிரையே கிடையாது, பொத்தான்தான்.

போதாக்குறைக்கு, தமிழ்ச் சொல்லின் நீளம். ஆங்கிலத்தில் "ஆர்டிஐ" என்ற மூன்றெழுத்துக்கு விட்ட இடத்தில் "தகவல் அறியும் உரிமைச் சட்டம்" எப்படி உட்காரும்? மெனு இரண்டாம் வரிக்கு இறங்கும். முதல் வரியின் உள்பட்டியல் விரிந்து இரண்டாம் வரியை மூடும். ஆங்கிலத்தில் செய்த டெம்ப்ளேட்டில் தமிழைக் கொட்டினால் இதுதான் கதி.

விலைப்பட்டியல் திறக்காவிட்டால் போன் போட்டுக் கேட்டுக்கலாம். அரசுச் சேவை என்றால் அப்படி இல்லை. தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போட உரிமம் கேட்பதுகூட இப்போது ஆன்லைனில்தான், அதற்குக் கடைசித் தேதியும் உண்டு. எந்தச் சேவையாக இருந்தாலும், "விண்ணப்பம்" என்ற இணைப்பு திறக்காத மெனுவுக்குள் கிடந்தால், கையில் போன் வைத்திருப்பவரும் பிரவுசிங் சென்டருக்கு நடந்து, காசு கொடுத்து, அடுத்தவர் கையால் விண்ணப்பம் நிரப்புகிறார். அரை நாள் கூலியும் போகிறது. இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்துவிட்டன. பல பிரவுசர்களில் சோதித்துப் பார்க்கச் சொல்கின்றன. அதற்குப் பிறகும், "இத்தளத்தை இன்ன பிரவுசரில், 1024 × 768 அளவில் பார்க்கவும்" என்று பக்கத்தின் அடியில் எழுதுவது, சோதிக்கும் வேலையை வாசகர் தலையில் கட்டுவதுதான்.

தீர்வு ரொம்பப் பழசு. டிம் பெர்னர்ஸ் லீ 1991-இல் போட்ட முதல் இணையப் பக்கத்தில் மெனு கிடையாது. வெறும் சொற்களும் இணைப்புகளும்தான். இன்றைக்கும் எந்த பிரவுசரிலும் திறக்கும். மெனு என்பதும் அடிப்படையில் இணைப்புகளின் பட்டியல்தான். அதை முதலில் எச்டிஎம்எல் பட்டியலாக, யூனிகோடு எழுத்தாக எழுதுங்கள். "தயாரிப்புகள்" என்ற இணைப்பு, உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் காட்டும் ஒரு தனிப் பக்கத்துக்குப் போகட்டும். அதற்கு மேல் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் அலங்காரம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். அலங்காரம் உதிர்ந்தாலும் பட்டியல் மிஞ்சும்.

தளம் செய்து தருகிறவரிடம் பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனை போடுங்கள். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுத் திறங்கள். மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் மெனுவுக்குள் போய் வாருங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் ஒரு தடவை பாருங்கள். அரை மணி நேர வேலை. அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்காமல் யாரும் மெஷினை ஓட விடுவதில்லையே, அதே கவனம் இங்கேயும் இருந்தால் போதும்.